மலை பக்கம்தான்... போகத்தான் விடமாட்டாங்க!

அச்சன்புதூர்னு சொன்னா எங்க காலேஜ்ல ஒருத்தருக்கும் தெரியாது. 'குற்றாலம் பக்கம்'னு சொல்லிட்டா மட்டும் கண்ணு விரியும். "அப்ப டெய்லி அருவிக் குளியல்தானா?" இல்லைங்க பாஸ், எங்க வீட்லயும் பைப், பக்கெட், மக்குதான்! அடுத்த கேள்வி இன்னும் கஷ்டம். "அந்தக் காட்டுக்குள்ள எல்லாம் போயிருப்பேல்ல?"

போனதில்லை. வயசு இருபது ஆச்சு. துணி காயப்போட மொட்டை மாடி ஏறினா மேற்கே முழுக்க மலைதான். ஜூன் மாசம் சாரல் பிடிச்சா மேகம் இறங்கி மலையையே மூடிடும். வெயில் அடிச்சா அங்கங்க வெள்ளைக் கோடு கிழிச்ச மாதிரி ஓடை தெரியும். அந்தத் தண்ணிதான் மேக்கரையில 132 அடி அடவிநயினார் அணையில தேங்கி, அனுமன் நதியா இறங்கி எங்க பக்கத்து வயலுக்கெல்லாம் வருது. சாப்பிடுற சோறே அந்த மலை போட்டதுதான். ஆனா பன்னிரண்டு வருஷ ஸ்கூல் வாழ்க்கையில, எங்களை வெளியே கூட்டிட்டுப் போய் நிறுத்தி, "இந்த மலையைப் பாருங்க பிள்ளைகளா"ன்னு யாரும் சொன்னதில்லை. டூர்னா கன்னியாகுமரி. விட்டா திருவனந்தபுரம் ஜூ. காட்டு மிருகம் பார்க்க நாங்க பஸ் பிடிச்சு கேரளாவுக்குப் போனோம். அதே நேரத்துல யானையும் பன்னியும் வடகரைப் பக்கத்துத் தோப்புக்குள்ள வந்து எங்க சொந்தக்காரங்களைப் பார்த்துட்டுப் போச்சு.

இன்ஜினீயரிங் சேர்ந்த பிறகு சுற்றுச்சூழல் பேப்பர் வந்துச்சு. எம்.சி. மேத்தா போட்ட வழக்குல 1991-ல் சுப்ரீம் கோர்ட் சொன்ன தீர்ப்புதான், பள்ளிக்கூடத்துலேர்ந்து காலேஜ் வரைக்கும் இந்தப் பாடம் கட்டாயமா வந்ததுக்கு ஆரம்பம். நல்ல விஷயம்தான். அதுல ஒரு ரெண்டு மார்க் கேள்வி எல்லாருக்கும் ஞாபகம் இருக்கும்... "இந்தியாவில் உள்ள பல்லுயிர் ஹாட்ஸ்பாட்டுகள் யாவை?" இமயமலை, இந்தோ-பர்மா, சுந்தாலாந்து, மேற்குத் தொடர்ச்சி மலை. நாலுல ஒண்ணு எங்க வீட்டு மாடியில இருந்து தெரியுது. நான் அதை ஜெராக்ஸ் நோட்ஸ்ல படிச்சு எழுதி, ரெண்டுக்கு ரெண்டு வாங்கினேன்.

சரி, கேம்ப்னு ஒண்ணு எங்க ஏரியாவுல நடக்கவே இல்லையான்னு கேட்டா, ஜோரா நடக்குது. சீசன்ல ரோட்டோரம் நின்னு பார்த்தாத் தெரியும். மதுரை, சென்னை ஸ்கூல் பஸ் வரிசையா வரும். ஒரே கலர் டீ-ஷர்ட், தொப்பி, தண்ணி பாட்டில். கயிறு கட்டி இறங்குறது, கம்பியில தொங்கிட்டுப் பறக்குறது, ராத்திரி தீ மூட்டி சினிமாப் பாட்டுக்கு ஆட்டம். மறுநாள் காலையில ரிசார்ட் அருவியில குளியல். ஓடைத் தண்ணியைத் திருப்பி ரிசார்ட்டுக்குள்ளேயே அருவி கட்டினவங்க மேல நடவடிக்கை எடுக்கச் சொல்லி 2022-ல் ஹைகோர்ட் மதுரைக் கிளை உத்தரவு போட்டது தனிக் கதை. நான் சொல்ல வந்தது வேற. அந்த பஸ்ஸைப் பார்த்து டாட்டா காட்டுற எங்க ஊர்ப் பிள்ளைக யாரும் அதுல ஏறினதில்லை. மலையை வாடகைக்கு எடுத்தவங்களுக்கு மலை கிடைக்குது. மலையடிவாரத்துல குடியிருக்கிறவங்களுக்கு டாட்டாதான்.

இப்படி நான் ஹாஸ்டல்ல உட்கார்ந்து புலம்பிட்டு இருந்தப்பதான் ஊர்ல இருந்து போன். எங்க ஏரியா ஸ்கூல் ஒண்ணுல சயின்ஸ் எடுக்கிற சார். "ஏம்மா, பொங்கல் லீவுக்கு வருவேல்லா? எட்டாப்பு, ஒம்பதாப்புப் பிள்ளைகளுக்கு ரெண்டு நாள் கேம்ப் போடலாம்னு இருக்கேன். உன்னை மாதிரி நாலு காலேஜ் பிள்ளைக நின்னாப் போதும்." நான் அடுத்த நிமிஷமே ஓகே சொல்லிட்டேன். முதல் நாள் செண்பகாதேவி அருவிக்கு நடை, ராத்திரி ஸ்கூல்லயே தங்கல், மறுநாள் குளக்கரையில பறவை பார்க்கிறது. இதுதான் சாரோட பிளான்.

ஹெட்மாஸ்டர் ரூமுக்குப் போன பிளான், திரும்பி வரும்போது பாதி உடம்போடதான் வந்துச்சு. நடை கட். தங்கல் கட். "குளத்துக்குப் போயிட்டு வாங்க, தண்ணிக்குப் பக்கத்துல போகக் கூடாது." குளத்துக்குப் போய் தண்ணிக்குப் பக்கத்துல போகாம எப்படிங்க?!

எனக்கு வந்த கோபத்துக்கு அளவே இல்லை. ஆனா அந்த மனுஷனைத் திட்டுறதுக்கு முன்னாடி அவர் டேபிள்ல இருந்து பார்க்கணும்னு சயின்ஸ் சார் சொன்னார். அவர் சொன்னதையும், அப்புறம் நானே தேடிப் படிச்சதையும் சேர்த்துப் பார்த்தா, பயப்படக் காரணம் நிறையவே இருக்கு. 2018 மார்ச் 11, தேனி மாவட்டம் குரங்கணி. மலையேறப் போனவங்க காட்டுத்தீயில சிக்கி 20 பேருக்கு மேல போயிட்டாங்க. 2014 ஜூன், இமாச்சலப் பிரதேசத்துல பியாஸ் ஆறு. ஹைதராபாத்ல இருந்து டூர் போன இன்ஜினீயரிங் பசங்க, நம்ம வயசு, பாறை மேல நின்னு போட்டோ எடுத்துட்டு இருந்தாங்க. லார்ஜி அணையில திறந்த தண்ணி 24 பேரை அடிச்சிட்டுப் போச்சு. 2023 பிப்ரவரி, கரூர் மாவட்டம் மாயனூர். ஃபுட்பால் மேட்ச்சுக்காகப் போயிருந்த புதுக்கோட்டை மாவட்டத்து அரசுப் பள்ளிச் சிறுமிகள் நாலு பேர் காவிரியில மூழ்கினாங்க. எங்க ஊருக்கு ரொம்பப் பக்கத்துலயே, 2024 மே 17-ல் பழைய குற்றாலத்துல திடீர் வெள்ளம். பதினேழு வயசுப் பையன் ஒருத்தன் போயிட்டான்.

இவ்வளவும் தெரிஞ்ச ஒரு ஹெட்மாஸ்டர் கையெழுத்துப் போடும்போது கை நடுங்கத்தான் செய்யும். நடந்தா பேப்பர்ல வர்றது அவர் பேர். நடக்கலேன்னா யாரும் தேங்க்ஸ் சொல்லப் போறதில்லை.

ஆனா ஒரு விபத்து நடந்த பிறகு என்ன செய்றோம்கிறதுதான் கேள்வி. இங்கிலாந்துல 1993 மார்ச்ல லைம் பே கடல்ல ஸ்கூல் பிள்ளைகளைக் கூட்டிட்டுப் போன கனூ படகுப் பயணத்துல நாலு பேர் இறந்தாங்க. நாடே கொதிச்சிருச்சு. கேம்ப் நடத்தின கம்பெனியோட முதலாளி ஜெயிலுக்குப் போனார். 1995-ல் தனிச் சட்டமே வந்துச்சு. பதினெட்டு வயசுக்குக் கீழே இருக்கிறவங்களைக் காசு வாங்கிட்டு மலைக்கோ கடலுக்கோ கூட்டிட்டுப் போறவங்க லைசென்ஸ் வாங்கணும், சோதனைக்கு ஆள் வருவாங்க. பிள்ளைகளை வீட்டுக்குள்ள பூட்டி வைக்கணும்னு அவங்க முடிவு பண்ணலை. யார் கூட்டிட்டுப் போகலாம்னுதான் முடிவு பண்ணாங்க.

நம்ம ஊர்லயும் அப்படி ஒண்ணு நடந்திருக்கு, பலருக்குத் தெரியலை. குரங்கணிக்குப் பிறகு அதே 2018-ல் தமிழ்நாடு அரசு மலையேற்றத்துக்குன்னு தனி விதிகள் கொண்டுவந்துச்சு. 2024 அக்டோபர்ல 'ட்ரெக் தமிழ்நாடு'ன்னு 40 பாதைகளைத் திறந்தாங்க. ஆன்லைன்ல புக் பண்ணணும், பயிற்சி எடுத்த உள்ளூர் வழிகாட்டிக கூடவே வருவாங்க. பதினெட்டு வயசு ஆகலேன்னா பெற்றோர் சம்மதம் வேணும். அந்த 40-ல் எங்க தென்காசி மாவட்டத்துக் குற்றாலம் - செண்பகாதேவி பாதையும் ஒண்ணு! ஹெட்மாஸ்டர்கிட்ட சார் இதைச் சொன்னார். "அடுத்த வருஷம் பாப்போம்" என்றார். அது கிட்டத்தட்ட சம்மதம்னு சார் எடுத்துக்கிட்டார். நான் எடுத்துக்கலை.

அடுத்து பெண்பிள்ளைக விஷயம். மொத்தம் 31 பேர் பேர் கொடுத்தாங்க, அதுல 17 பேர் பொண்ணுங்க. ராத்திரித் தங்கல்னு சொன்னதும் அந்தப் பதினேழு ரெண்டாச்சு. வீடு வீடாப் போய்ப் பேசலாம்னு கிளம்பினோம். ஒம்பதாப்புப் படிக்கிற ஒருத்தியோட அம்மா டீ எல்லாம் கொடுத்து உட்கார வெச்சுட்டு, "நீ எம்மா மேல படிக்கப் போயிருக்கே, உனக்கு எல்லாம் சரி. எங்க வீட்ல ராத்திரி வெளிய தங்க அனுப்ப மாட்டாவ"ன்னு ஒரே போடா போட்டுட்டாங்க. நான் விடலை. சென்னையில ஆமைக் குஞ்சுகளைக் காப்பாத்த மாணவர்களே சேர்ந்து 1988-ல் ஆரம்பிச்ச அமைப்பு இருக்கு, சீசன்ல ராத்திரி பூரா நீலாங்கரைப் பக்கமிருந்து பெசன்ட் நகர் வரைக்கும் கடற்கரையில நடப்பாங்க, பொண்ணுங்களும் நடப்பாங்கன்னு எடுத்துவிட்டேன். அந்த அம்மா பொறுமையா கேட்டுட்டு, "அது மெட்ராஸ் எம்மா" என்றாங்க. முடிஞ்சுது!

சயின்ஸ் சார் கில்லாடி. "சரி, பிள்ளைகளை அனுப்ப மாட்டீங்க. நீங்களும் சேர்ந்து வாங்க" என்றார். தங்கல் வேண்டாம். ராத்திரி ஏழு டு ஒம்பது, ஸ்கூல் கிரவுண்டு, அம்மாக்களும் வரலாம். வானம் பார்க்கிறது மட்டும்தான் வேலை. எத்தனை பேர் வரப்போறாங்கன்னு நினைச்சோம். பிள்ளைகளைவிட அம்மாக்கள் கூட்டம் அதிகம். ஆச்சிகளும் வந்துட்டாங்க. பாயைச் சுருட்டி எடுத்துட்டு, தூக்குவாளியில காப்பியோட!

டார்ச்ல சிவப்புக் கண்ணாடிப் பேப்பர் ஒட்டியிருந்தோம், கண்ணு கூசாம இருக்க. நான் மொபைல் ஆப்பைத் திறந்து, "அதோ அந்தச் சிவப்பா மினுங்குது பாருங்க, அது பெட்டல்ஜூஸ்"னு ஆரம்பிச்சேன். பின்னால இருந்து ஒரு ஆச்சி, "எது, திருவாதிரையா?" அப்படின்னு கேட்டுச்சு. ஆமா, அதேதான். பக்கத்துல கொத்தா இருக்கிறது கார்த்திகை. நடுவுல ஆரஞ்சு கலர்ல ரோகிணி. அந்த ஆச்சி அலாரம் இல்லாத காலத்துல இதைப் பார்த்துத்தான் எழுந்திரிச்சு நாத்து நடப் போகுமாம். எந்த மாசம் எந்த மீன் எங்க நிக்கும்னு விரல் நீட்டிச் சொல்லுது. நான் ஆப்பை மூடிட்டேன். ஒம்பது மணிக்கு முடிக்க வேண்டியது பத்தரை ஆச்சு. அந்த 'மெட்ராஸ்' அம்மாதான் கடைசியாக் கிளம்பினாங்க.

முந்தி நாள் காலையைச் சொல்லாம விட்டுட்டேனே. காலை ஆறு மணி, குளக்கரை. ரெண்டே ரெண்டு பைனாகுலர், 31 பிள்ளைக. முதல் விதி: பத்து நிமிஷம் யாரும் பேசக் கூடாது. நாற்பது செகண்ட்ல உடைஞ்சுது. இரண்டாவது தடவை மூணு நிமிஷம். மூணாவது தடவைதான் பத்து நிமிஷம் நின்னுச்சு. அந்தப் பத்து நிமிஷத்துல என்ன நடந்துச்சுன்னா... ஒண்ணுமே நடக்கலை. அதான் அழகு. நாங்க வந்ததும் தள்ளிப் போன பறவைக எல்லாம் மெதுவாத் திரும்பி வந்துச்சு. யாரும் எதுவும் சொல்லிக்கொடுக்காமலே பிள்ளைகளுக்கு விஷயம் புரிஞ்சுது.

எங்க பிள்ளைகளுக்கு வெள்ளையா இருந்தா கொக்கு, கறுப்பா இருந்தா காக்கா. அன்னைக்குத்தான் நெத்தியில வெள்ளை நாமம் போட்ட நாமக்கோழி, முங்கி வேற இடத்துல எழுந்திரிக்கிற முக்குளிப்பான், அலகு நடுவுல இடுக்கு விட்டிருக்கிற நத்தைகுத்தி நாரை எல்லாம் தனித்தனி ஆளாச்சு. மடை திறக்கிற தாத்தா ஒருத்தர் அந்தப் பக்கமா வந்தார். சார் உடனே அவரையும் இழுத்துப் போட்டுட்டார். "நத்தைகுத்தி வயல்ல இறங்கினா விரட்டாதீங்க டே, நத்தை பயிரைத் திங்கும், அது நத்தையைத் திங்கும்" என்று ஒரே வரியில உணவுச் சங்கிலியை முடிச்சிட்டார். எனக்கு அது ஒரு யூனிட் முழுக்க வந்துச்சு.

அப்புறம் எண்ணுறது. நீர்க்காகம் கூட்டமா உட்கார்ந்திருந்தா எப்படி எண்ணுவீங்க? ஒண்ணு ஒண்ணா எண்ண ஆரம்பிச்சா பாதியில பறந்துடும். முதல்ல பத்து பறவையை எண்ணணும். அந்தப் பத்து எவ்வளவு இடத்தை அடைக்குதுன்னு கண்ணுல பிடிக்கணும். அந்த மாதிரி எத்தனை இடம்னு பார்த்துப் பெருக்கணும். மூணு டீமா பிரிச்சு விட்டோம். ஒரு டீம் 90, ஒரு டீம் 160, இன்னொண்ணு 240! ஒரே சண்டை. எது சரின்னு சார் சொல்லவே இல்லை. "திரும்ப எண்ணுங்கல" என்றார். மூணாவது தடவை 140, 150, 165-க்கு வந்து நின்னுச்சு. அளவெடுக்கிறதுல பிழை எப்படி வரும், திரும்பத் திரும்ப எடுத்தா எப்படிக் குறையும்னு நான் மெட்ராலஜி லேப்ல வெர்னியரை வெச்சுக்கிட்டு முழிச்சது ஞாபகம் வந்துச்சு. இவங்க எட்டாப்புலயே சண்டை போட்டுப் படிச்சிட்டாங்க.

இது நாங்களா கண்டுபிடிச்ச ஐடியா இல்லை. தாமிரபரணி நீர்ப்பறவைக் கணக்கெடுப்புன்னு ஒண்ணு 2011-ல் ஆரம்பிச்சது. மணிமுத்தாறுல இருக்கிற 'ஏட்ரீ' நிறுவனத்தோட அகத்தியமலை மக்கள்சார் இயற்கைவளக் காப்பு மையம்தான் இதுக்கு முன்னால நிக்குது. பெரும்பாலும் ஜனவரியில, நெல்லை, தென்காசி, தூத்துக்குடி மூணு மாவட்டக் குளங்களுக்கும் டீம் டீமாப் போய் எண்ணுவாங்க. அதுல காலேஜ் பசங்க, டீச்சர்கள், சும்மா ஆர்வத்துல வர்றவங்கன்னு எல்லாரும் உண்டு. இதைத் தவிர 2015-லேர்ந்து பொங்கல் பறவைக் கணக்கெடுப்பு நடக்குது. அதுக்கு எங்கேயும் போகவே வேண்டாம், உங்க வீட்டுக் கொல்லையில பதினஞ்சு நிமிஷம் நின்னாப் போதும். நம்ம காலேஜுக்குள்ளேயே எண்ணுற கேம்பஸ் பறவைக் கணக்கெடுப்பு பிப்ரவரியில வருது. என்எஸ்எஸ் கேம்ப்ல போன வருஷம் நட்ட அதே குழியில இந்த வருஷமும் கன்னு நடுறவங்க கொஞ்சம் யோசிக்கலாம்!

திருநெல்வேலி மாவட்டத்துத் திருப்புடைமருதூர் கதையையும் பிள்ளைகளுக்குச் சார் சொன்னார். அந்த ஊர்க்காரங்க ஆத்தங்கரை மரத்துல கூடு கட்டுற பறவைகளைத் தாங்களே காத்து வந்தாங்க. 2005-ல் அதைப் பறவைகள் காப்பகமா அறிவிச்சாங்க. அந்த வகையில இந்தியாவுலயே அதுதான் முதல். "பறவைக்கா சார் ஊரே காவல்?"னு ஒரு பையன் நம்பாம கேட்டான்.

இரண்டாவது நாள்தான் என் டிபார்ட்மென்ட். தண்ணி. 'பக்கத்துல போகக் கூடாது' ஆர்டரை மீறாம, வாய்க்கால் கரையில நின்னே செய்ற மாதிரி ஒரு பரிசோதனை. பத்து மீட்டர் கயிறு, ஒரு ஸ்டாப் வாட்ச், ஒரு ஆரஞ்சுப் பழம். அகலமான இடத்துல பழத்தைப் போட்டோம். பத்து மீட்டர் போக 20 செகண்ட். அதே வாய்க்கால் மடைப் பக்கம் குறுகுற இடத்துல 7 செகண்ட். வேகம் கிட்டத்தட்ட மூணு மடங்கு. "அப்ப நம்மளைத் தள்ளுற பலமும் மூணு மடங்கு"ன்னு எல்லாரும் கத்தினாங்க. அங்கதான் இருக்கு விஷயம். ஓடுற தண்ணியோட தள்ளுவிசை வேகத்தோட வர்க்கமா ஏறும். எட்டு மடங்கு! முட்டளவுத் தண்ணிதானேன்னு கால் வைக்கிறவன் விழுறது இதனாலதான். உயரத்தைத்தான் கண்ணு பார்க்கும், வேகத்தை யாரும் பார்க்கிறதில்லை.

அப்படியே பழைய குற்றாலத்துக்கு வந்தோம். கீழே வெயில் அடிக்கும், அருவி சாதாரணமா விழும், குளிச்சிட்டு இருப்போம். ஆனா மேலே காட்டுக்குள்ள மழை கொட்டியிருக்கும். மலை செங்குத்தா இருக்கிறதால அந்தத் தண்ணி தேங்காம, ஊறாம, கொஞ்ச நேரத்துலயே அருவிக்கு வந்துடும். அதுக்கு முன்னால சில நேரம் தண்ணியே சொல்லும். நிறம் செம்மண்ணா மாறும். இலை, சுள்ளி மிதந்து வரும். சத்தம் கனக்கும். அப்ப ஓடணும், சோப்பு டப்பாவைத் தேடக் கூடாது. இதை ஒரு போர்டுல எழுதி வெச்சா யாரும் படிக்க மாட்டாங்க. கையில ஆரஞ்சுப் பழத்தோட நின்னு பார்த்த 31 பேருக்கு மறக்காதுன்னு நினைக்கிறேன். (பழத்தை யார் தின்னதுன்னு கேட்காதீங்க.)

'அவுட்வர்ட் பவுண்ட்'னு ஒரு அமைப்போட கதை இங்கே சொல்லியாகணும். இரண்டாம் உலகப் போர். குண்டடி பட்டு கப்பல் மூழ்கும்போது, உயிர்காப்புப் படகுல ஏறின இளவட்டங்கள் சாகுறாங்க, வயசான மாலுமிங்க தப்பிச்சிடுறாங்கன்னு ஒரு கப்பல் கம்பெனி முதலாளி லாரன்ஸ் ஹோல்ட் கவனிச்சாராம். உடம்புல பலம் இவங்களுக்குத்தான் ஜாஸ்தி. ஆனா கடலோட பழகினது அவங்க. அதனால 1941-ல் வேல்ஸ் நாட்டு அபர்டவி ஊர்ல கர்ட் ஹான்ங்கிற கல்வியாளரோட சேர்ந்து இளைஞர்களுக்கு ஒரு பயிற்சிப் பள்ளி ஆரம்பிச்சாங்க. இன்னைக்கு அது பல நாடுகள்ல இருக்கு. சிங்கப்பூர்ல 1967-லேர்ந்து நடக்குது. அங்கே செகண்டரி மூணாவது, அதாவது நம்ம ஒம்பதாப்பு, படிக்கிற பிள்ளைக அஞ்சு நாள் கேம்ப் போறதை அரசாங்கமே திட்டமா வெச்சிருக்கு. நம்ம தமிழ்ப் பிள்ளைகளும் அதுல துடுப்புப் போடுறாங்க. இங்கே சாரணர் இயக்கம் இல்லையான்னு கேட்பீங்க. இருக்கு. 2025 ஜனவரி கடைசியில மணப்பாறையில பெரிய ஜம்போரியே நடந்துச்சு. ஆனா எங்க பக்கத்துப் பிள்ளைக பலருக்குச் சாரணர்னா குடியரசு தினத்துக்கு ஸ்கார்ஃப் கட்டி நிக்கிறவங்க, அவ்வளவுதான்.

கடைசி செஷன் யானை. வடகரைப் பக்கம் தென்னந்தோப்பு வெச்சிருக்கிறவரு ஒருத்தர் பேசுறதா இருந்துச்சு. முந்தின ராத்திரி காவலுக்குப் போனவரு தூங்கிட்டாரு போல, வரலை. சார் கையைப் பிசைஞ்சார். அப்ப எட்டாப்புப் பையன் ஒருத்தன், ரெண்டு நாளா வாயே திறக்காதவன், "சார், நான் சொல்லட்டா?" என்றான். அவங்க அப்பாவும் காவலுக்குப் போறவர்தான். இவனும் லீவு நாள்ல கூடப் போவானாம்.

"யானை தென்னையை சும்மா தள்ளாது சார். குருத்தைத் திங்கத்தான் தள்ளும். சின்ன மரமாப் பாத்துத் தள்ளும். லத்தி சூடா இருந்தா பக்கத்துலதான் நிக்கின்னு அர்த்தம். காத்து நம்ம பக்கமிருந்து அது பக்கம் போனா அதுக்கு நம்ம வாடை தெரிஞ்சிரும். குட்டி இருந்தா கிட்டயே போகக் கூடாது. யானையைக் கண்டதும் ஓடக் கூடாது சார், எங்க ஓடணும்னு முன்னாடியே பாத்து வெச்சிருக்கணும்."

இருபது நிமிஷம் பேசினான். ஒருத்தர் அசையலை. "உனக்கு யானை மேல கோவம் வராதா?"ன்னு நான் கேட்டேன். கொஞ்ச நேரம் யோசிச்சான். "மரம் போனா வரும் க்கா. ஆனா ராத்திரி அது தண்ணி குடிக்கிற சத்தம் கேட்டிருக்கீங்களா?" என்றான். கேட்டதில்லை. அங்கே இருந்த டீச்சர்களும் கேட்டதில்லை. அவன் சயின்ஸ்ல 38 மார்க்காம், சார் அப்புறமாச் சொன்னார்.

ரெண்டு நாளுக்கு மொத்தச் செலவு 2,340 ரூபாய். இட்லி, சுண்டல், கயிறு, சிவப்புப் பேப்பர், ஆரஞ்சு எல்லாம் சேர்த்து. கம்பியில தொங்கலை, டீ-ஷர்ட் அடிக்கலை. மலைக்கும் போகலை, அது எனக்கு இன்னும் குறைதான். குளம் போதும்னு நான் சமாதானம் சொல்லிக்கத் தயாரா இல்லை. செண்பகாதேவி பாதைக்கு வர்ற சீசன் முடிஞ்சதும் போகணும்னு சார் இப்பவே பெற்றோர் சம்மதக் கடிதம் டைப் பண்ணி வெச்சிருக்கார். ஹெட்மாஸ்டர் அதுல ரெண்டு திருத்தம் போட்டுத் திருப்பிக் கொடுத்திருக்கார். ஒண்ணு, முதலுதவி தெரிஞ்சவங்க ரெண்டு பேர் கண்டிப்பா வரணும். இன்னொண்ணு, தானும் வருவாராம்.

குளக்கரை கணக்கு இப்ப மாசத்துக்கு ஒரு ஞாயித்துக்கிழமை நடக்குது. நான் ஹாஸ்டல்ல இருந்தாலும் எண்ணிக்கை வாட்ஸ்அப்ல வந்துடும். போன தடவை அனுப்பினது அந்த ஒம்பதாப்புப் பொண்ணு. நாமக்கோழி 62, முக்குளிப்பான் 19, நத்தைகுத்தி 8. கீழே ஒரு வரி: 'அம்மாவும் வந்தாங்க, அம்மா கணக்குல நாமக்கோழி 70, சண்டை ஓடிட்டு இருக்கு.' பைனாகுலர் இன்னும் அதே ரெண்டுதான். உங்ககிட்ட சும்மா கிடந்தா கொண்டு வாங்க; காலை ஆறு மணி, குளக்கரை.